வால் தரையில் உட்காரும் லிபரேட்டர்: பாதியில் நின்ற மாடலை அறிகுறி பார்த்து முடிப்பது

2003இல் ராயபுரத்து வீட்டு மொட்டைமாடி அறையில் இரண்டாம் உலகப்போர் காலத்து அமெரிக்கக் குண்டுவீச்சு விமானமான பி-24 லிபரேட்டரின் 1/72 அளவு பிளாஸ்டிக் மாடல் ஒன்றை ஒட்டத் தொடங்கினேன். முடித்தது இந்த ஆண்டு பொங்கலுக்குப் பிறகு. இடையில் அது பரணில் இருந்தது, பீரோ மேல் இருந்தது, கடைசியில் கீழ்த்தட்டில் இருந்தபோது 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் தண்ணீரிலும் நனைந்தது. இத்தனைக்குப் பிறகும் அதை முடிக்க முடிந்தது என்பதால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம்.

லிபரேட்டரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் பெரியப்பா. விமானப்படையில் ஃபிட்டராக இருந்தவர், புனேயில் இந்த விமானங்களோடு வேலை பார்த்தவர். போர் முடிந்ததும் பிரிட்டிஷ்காரர்கள் கான்பூரில் லிபரேட்டர்களை இனிப் பறக்கக் கூடாதென்று சேதப்படுத்திப் போட்டுவிட்டுப் போனார்கள். 1948இல் நம் ஆட்கள் அவற்றில் சுமார் நாற்பதை ஒட்டுப்போட்டு எழுப்பினார்கள். ஹெச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் சோதனை விமானி ஜம்ஷெத் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே முழுதாகச் சீராகி, 1968 வரை இந்திய விமானப்படையில் பறந்தன. உலகத்தில் வேறெந்தப் படையிலும் லிபரேட்டர் அத்தனை காலம் இருக்கவில்லை. குப்பையில் கிடந்ததை எடுத்து முடித்த கதை அது. என் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்வேன்.

கீழே இருப்பவை என் மாடலில் வந்த கோளாறுகள், வந்த வரிசையில் அல்ல, தீர்க்க வேண்டிய வரிசையில். பெட்டியைத் திறந்ததும் பசையைக் கையில் எடுக்காதீர்கள். எந்த இடத்தில் நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள். நேரமில்லை, வேலை மாறியது, குழந்தை பிறந்தது என்று நாம் சொல்வோம். ஆனால் பெட்டியை மூடிய அன்று மேசையில் ஏதோ ஒன்று சரியாக வரவில்லை. பெரும்பாலும் அந்த ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாக நகரும். என் விஷயத்தில் அது மூக்கு.

மூக்கு தானாகப் பிளந்திருக்கிறது, உள்ளே வெள்ளை மாவு

ஒட்டி வைத்த மூக்குப்பகுதி பல வருடம் கழித்து இரண்டாக விரிந்திருந்தால், உள்ளே ஈயம் போட்டு வெள்ளைப் பசை ஊற்றியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். மரத்துக்குப் போடும் அந்தப் பசை பாலிவினைல் அசிடேட். காலப்போக்கில் அதிலிருந்து அசிட்டிக் அமிலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். அது ஈயத்தை அரிக்கும். காற்றும் ஈரமும் சேர்ந்தால் ஈயம் வெள்ளைத் தூளாகிப் பூக்கும். அந்தத் தூள் ஈயத்தைவிட அதிக இடம் கேட்கும், மூடிய மூக்குக்குள் இடம் இல்லை, ஆகவே பிளாஸ்டிக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை.

மேலே பட்டி வைத்து மூடிவிடலாம் என்று தோன்றும். மூடாதீர்கள், மறுபடி பிளக்கும். தையல் ஓடும் கோட்டிலேயே பிளேடு முனையை மெதுவாக ஓட்டி மூக்கை முழுக்கத் திறந்துவிடுங்கள். உள்ளே இருக்கும் தூளை ஊதாதீர்கள். அது ஈய உப்பு, நச்சு. கையுறை போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியோடு கட்டித் தனியாக எடுத்து வைத்து அப்புறப்படுத்துங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த ஒரு வேலையை மட்டும் அவர்கள் பள்ளிக்குப் போன நேரத்தில் செய்யுங்கள். சாப்பாட்டு மேசையில் செய்யவே கூடாது.

சுத்தமானதும் பிளாஸ்டிக்கின் உள்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒரு நாள் காயவிட்டு, புது ஈயத்தை அரால்டைட் போன்ற எபாக்சி பசையில் புதையுங்கள். ஈயம் எந்தப் பக்கமும் காற்றில் தெரியாமல் பசை மூட வேண்டும். எபாக்சியை ஒரேயடியாக நிறைய ஊற்றினால் இறுகும்போது சூடேறி மெல்லிய பிளாஸ்டிக்கை வளைக்கும். இரண்டு மூன்று தடவையாக ஊற்றுங்கள்.

சக்கரத்தில் நிறுத்தினால் வால் தரையைத் தொடுகிறது

லிபரேட்டர் மாடல் செய்பவர்கள் எல்லோரும் சந்திக்கும் கோளாறு இது. மூக்கில் ஒரு சக்கரம், இறக்கையின் கீழே இரண்டு. அந்த இரண்டுக்குப் பின்னால் நீண்ட உடலும், பெரிய இரட்டை வாலும், பின் கோபுரமும் (துப்பாக்கிகள் வைத்த சுழலும் கூடு) இருக்கின்றன. பிளாஸ்டிக்கில் எல்லாம் ஒரே அடர்த்தி என்பதால் பின்பக்கம் ஜெயித்துவிடும். நிஜ விமானமே இந்த விஷயத்தில் கொஞ்சம் இப்படித்தான். பின்னால் ஆட்களும் சுமையும் கூடினால் வால் சாயும். தரையில் நிறுத்தியதும் வாலுக்கு ஒரு முட்டு கொடுப்பார்கள்.

எடை வாங்கக் கடை தேட வேண்டாம். காசிமேட்டில் வலைச் சாமான் விற்கும் கடைகளில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு கிடைக்கும், பல அளவில். நீளவாக்கில் ஓட்டை போட்ட சின்னக் குண்டுகள் நமக்கு வாகானவை, குறடால் தட்டையாக்கலாம். இரும்பு போல்ட், பேரிங் உருண்டை எல்லாம் போட்டுப் பார்க்காதீர்கள். ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11 கிராமுக்கு மேல், இரும்பு 8 கிராமுக்கும் கீழே. லிபரேட்டரின் மூக்கில் கண்ணாடி போக மிச்சமிருக்கும் இடத்துக்கு அந்த வித்தியாசம் பெரிது.

எவ்வளவு எடை வேண்டும் என்பதை ஊகிக்காதீர்கள், அளந்துவிடுங்கள். உடல், இறக்கை, வால், இன்ஜின் எல்லாவற்றையும் ஒட்டாமல் டேப் போட்டுச் சேருங்கள். பெரிய சக்கரங்கள் வரும் கோட்டில், இறக்கைக்குக் கீழே ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து அதன்மேல் மாடலை நிறுத்துங்கள். சின்னப் பிளாஸ்டிக் பையில் ஈயத்தைப் போட்டு, எடை எங்கே வரப்போகிறதோ சரியாக அந்த இடத்தில் தொங்கவிட்டு, மூக்கு இறங்கும்வரை கூட்டிக்கொண்டே போங்கள். பையை மூக்கு நுனியில் தொங்கவிட்டு அளந்துவிட்டு, எடையை விமானி இருக்கைக்குப் பின்னால் வைத்துத்தான் நான் 2003இல் ஏமாந்தேன். நுனியில் 10 கிராம் செய்கிற வேலைக்குப் பாதித் தொலைவில் 20 கிராம் தேவை. தூக்குக்கோல் பிடித்து நிறுத்த பாட்டிகளுக்கு இது சொல்லாமலே தெரியும். இறங்கிய எடைக்கு மேல் ஆறில் ஒரு பங்கு கூடப் போடுங்கள். பெயின்ட், பின் கோபுரம், துப்பாக்கிகள் எல்லாம் பிறகு வந்து சேரும்.

வைக்கும் இடங்கள்: மூக்குச்சக்கரக் குழியின் கூரைக்கு மேலே, அதன் இரண்டு பக்கச் சுவர்களில், விமானி அறைத் தரைக்கு அடியில். அதற்கப்புறம் பலரும் மறந்துவிடும் இடம் நான்கு இன்ஜின் கூடுகள். அவை இறக்கைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே வைக்கும் எடையும் நமக்குச் சாதகம்தான், கண்ணுக்கும் தெரியாது.

உடலை ஏற்கெனவே ஒட்டி, பெயின்டும் அடித்துவிட்ட பிறகுதான் வால் உட்காருகிறது என்றால் அதற்கும் வழி உண்டு. இன்ஜினின் முன்முகத்தை மட்டும் நெம்பி எடுங்கள், பெரும்பாலும் சிறு புள்ளியில்தான் ஒட்டியிருக்கும். கூட்டுக்குள் ஈயத்தைத் திணித்து எபாக்சி விட்டு மறுபடி மூடுங்கள். அது போதாவிட்டால் மூக்குச்சக்கரக் குழியின் கூரையில் 4 மில்லிமீட்டர் துளை போட்டு, மாடலைத் தலைகீழாகப் பிடித்து, சின்ன ஈய மணிகளை உள்ளே விட்டு, மூக்கைக் கீழே சாய்த்து, எபாக்சியை ஊசி போடும் சிரிஞ்சால் ஏற்றுங்கள். இறுகும்வரை மூக்கு கீழே பார்த்தபடியே இருக்க வேண்டும். ஒரு டம்ளருக்குள் அரிசி போட்டு அதில் குத்தி நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விடலாம்.

எனக்கு மொத்தம் 62 கிராம் போனது. உங்கள் கிட் வேறு அளவு கேட்கலாம்.

மூக்குச்சக்கரக் கால் வளைந்துகொண்டே போகிறது

எடை போட்டவர்களுக்கு ஆறு மாதம் கழித்து வரும் கோளாறு. மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரின் இளகுவதற்கு 100 டிகிரி பக்கம் வேண்டும், ஆனால் அதற்கு வெகு கீழேயே, தொடர்ந்து பாரம் ஏறினால் மெதுவாக இழுபடும். தகரக் கூரை போட்ட மாடி அறையில் மே மாதம் ஒன்று போதும்.

காலின் நடுவே 0.8 மில்லிமீட்டர் கைத்துளைப்பானால் மேலிருந்து கீழே துளைத்து, தையல் ஊசியை உடைத்துச் செருகுங்கள். துளைக்க முடியாத அளவு மெல்லிய கால் என்றால் பித்தளைக் கம்பியில் புதிதாகவே செய்துவிடுங்கள். கிட்டில் வந்த காலை அளவுக்கு வைத்துக்கொண்டு கம்பியை வளைத்து, சக்கரம் கோக்கும் கவையை மட்டும் பழைய காலிலிருந்து வெட்டி ஒட்டலாம். பெரிய கால்கள் இரண்டுக்கும் இதையே செய்வது நல்லது. லிபரேட்டரின் கால்கள் நெட்டையானவை.

இறக்கை தொங்குகிறது, உடலோடு சேரும் வேரில் சந்து தெரிகிறது

நிஜ விமானத்தின் இறக்கை விரிப்பு 110 அடி. 1/72 அளவில் அது 46 சென்டிமீட்டருக்கு மேல் வரும். ஒல்லியான நீண்ட இறக்கை அது, டேவிஸ் இறக்கை என்று பெயர், அந்த ஒல்லிதான் லிபரேட்டரின் அழகு. மாடலில் அந்தப் பாரம் முழுக்க இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகளின் மேல் இறங்குகிறது. பெட்டியில் சாய்த்து வைத்த வருடங்களில் அவை களைத்துப்போயிருக்கும்.

சைக்கிள் கடையில் ஒரு பழைய ஸ்போக் கேளுங்கள். 2 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி, இதைவிடப் பொருத்தமான உத்திரம் கிடையாது. லிபரேட்டரில் இறக்கை உடலின் தோளில், குண்டு அறைக்கு மேலே போகிறது. அதனால் ஸ்போக்கை ஒரு இறக்கையிலிருந்து மறு இறக்கைக்கு உடலைத் துளைத்துக்கொண்டு போகவிட்டாலும் குண்டு அறைக் கதவைத் திறந்து காட்டுபவர்களுக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. இறக்கைகள் சற்றே மேல்நோக்கிய சரிவில் நிற்க வேண்டும் என்பதால் நடுவில் ஸ்போக்கை லேசாக வளைக்க வேண்டும். கிட்டின் வரைபடத்தில் முன்பார்வைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்து வளையுங்கள்.

இன்னும் ஒட்டாத இறக்கை முறுக்கியிருந்தால் வெந்நீர் போதும். கொதிக்கும் நீர் வேண்டாம். அடுப்பை அணைத்து நாலைந்து நிமிடம் ஆன தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி, கையால் எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடித்து, அப்படியே குழாய்த் தண்ணீரில் ஆற்றுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

வேரில் மிஞ்சும் மெல்லிய சந்துக்கு, கிட்டில் உறுப்புகள் கோத்து வரும் ஸ்ப்ரூ சட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி, பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் மாடல் சிமென்டில் இரண்டு நாள் ஊறவிடுங்கள். தேன் பதத்தில் ஒரு குழம்பு வரும். அதே பிளாஸ்டிக், அதே நிறம், காய்ந்த பிறகு மூட்டோடு ஒன்றாகிவிடும். காய ஒரு வாரம் பிடிக்கும், அவசரப்பட்டுத் தேய்த்தால் குழிவிழும். இத்தனை வருடம் பொறுத்தவர்களுக்கு ஒரு வாரம் பெரிதில்லை.

பட்டி வைத்த இடம் பள்ளமாகியிருக்கிறது

கார் பெயின்டர்கள் வைக்கும் என்.சி. பட்டியை மொத்தமாக அப்பினால் அது காயக்காயச் சுருங்கும், வருடக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். மெல்லிய கோட்டுக்கு மட்டும் அது போதும். ஆழமான இடத்துக்கு எம்-சீல் மாதிரியான இரண்டு பாகப் பிசின் நல்லது, அது சுருங்காது. சூப்பர் க்ளூவில் முகப்பவுடரைக் கலந்தும் நிரப்பலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் தேய்த்தால் அது கல்லாகி, பக்கத்துப் பிளாஸ்டிக் மட்டும் தேயும். தேய்ப்பதற்குத் தங்கசாலை, பிராட்வே பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் வாட்டர் பேப்பர்: 400, 800, 1200, கடைசியில் 2000. தண்ணீரில் தொட்டுத் தொட்டு.

கண்ணாடி பால்போல் மங்கியிருக்கிறது

இரண்டு விதம் உண்டு, முதலில் எதுவென்று பாருங்கள்.

ஒட்டிய மறுநாளே வெண்பனி படர்ந்ததுபோல் இருந்தால் அது சூப்பர் க்ளூவின் ஆவி. ஈரக்காற்றில் இன்னும் அதிகமாகப் படியும். வெளிப்பக்கம் என்றால் 2000 நம்பர் பேப்பரால் மிக லேசாகத் தேய்த்து, வெள்ளை டூத்பேஸ்ட்டைப் பருத்தித் துணியில் வைத்து மெருகேற்றி, கடைசியில் பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷில் ஒருமுறை முக்கி எடுங்கள், கீறல்கள் மறையும். உள்பக்கம் என்றால் கழற்றுவதைத் தவிர வழியில்லை. இனி ஒட்டும்போது கண்ணாடிக்கு வெள்ளைப் பசையையே பயன்படுத்துங்கள். மூக்கில் ஈயத்தோடு சேர்ந்து கெடுதல் செய்த அதே பசை கண்ணாடிக்கு உத்தமம். கண்ணாடியை வெளுக்கும் ஆவி விடாது, வழிந்தாலும் ஈரத்துணியால் துடைக்கலாம், காய்ந்தால் தெரியாது.

மாஸ்கிங் டேப் பல வருடம் ஒட்டியே கிடந்து பிசின் படிந்திருந்தால் தின்னரைத் தொடாதீர்கள். அது கண்ணாடியை ஒரு நொடியில் கருக்கிவிடும். தேங்காயெண்ணெயைத் தடவி ஒரு மணி நேரம் விடுங்கள். விரலால் உருட்டினால் பிசின் திரண்டு வந்துவிடும். பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பு. என் விமானத்தில் மேல் கோபுரத்தின் டேப் 2004இல் ஒட்டியது. மூன்று தடவை எண்ணெய் வைத்தேன், முழுசாக வந்தது.

நுண்விரிசல்கள் வலைபோல் ஓடியிருந்தால் அதைச் சரிசெய்ய முடியாது. மாத்திரை அட்டையின் தெளிவான பிளாஸ்டிக்கை மெழுகுவர்த்திக்கு மேலே தூரத்தில் இளக்கி, பழைய கண்ணாடியையே அச்சாக வைத்து அதன்மேல் இழுத்துப் புதிது செய்யலாம். பக்கத்துச் சின்னச் சன்னல்களுக்கு அதுகூட வேண்டாம். ஓட்டையின் குறுக்கே வெள்ளைப் பசையைக் குச்சியால் இழுத்துவிட்டால் படலமாகக் காய்ந்து கண்ணாடியாகிவிடும்.

வெள்ளிப் பெயின்ட் புகைபிடித்தாற்போல் வெளுத்திருக்கிறது

நம் படையின் லிபரேட்டர்கள் அலுமினியத் தோலோடுதான் பறந்தன, மேலே நிறம் இல்லை. அதனால் பச்சை, பழுப்பு அடித்து மறைக்கும் வசதி நமக்குக் கிடையாது. வெள்ளி எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும்.

லாக்கர் பெயின்ட் காயும்போது கரைப்பான் சட்டென்று ஆவியாகி மேற்பரப்பைக் குளிரவைக்கும். காற்றில் ஈரம் அதிகமென்றால் அது பெயின்ட்டின் மேல் பனியாக இறங்கி வெளுக்கும். நம் பக்கத்தில் விடியற்காலை குளிர்ச்சியாக இருக்கிறதே என்று அடிப்பவர்கள் உண்டு. அப்போதுதான் காற்றில் ஈரம் மிக அதிகம். மதியம் கடல்காற்று இறங்கினால் ஈரமும் உப்பும் மறுபடி வரும். ஆகவே காலை பத்து மணியிலிருந்து கடல்காற்று வரும்வரை உள்ள இடைவெளிதான் நமக்கு. மேற்குக் காற்று அடிக்கும் ஜூன், ஜூலையில் அந்த இடைவெளி இன்னும் நீளும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெயின்ட் அடிக்க வேண்டாம். ஒட்டுவதும் தேய்ப்பதும் அந்த மாதங்களின் வேலை.

வெளுத்துப்போனதை உரித்தெடுக்க வேண்டியதில்லை. நல்ல வெயில் நாளில் அதே பெயின்ட்டின் தின்னரை, மெதுவாகக் காயும் ரிடார்டர் கலந்து, மிக மெல்லிய தூறலாக ஒருமுறை அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அடிக்கும் இடத்தில் பூஜை விளக்கோ அடுப்போ எரியக் கூடாது, சன்னல் திறந்திருக்க வேண்டும்.

எனாமல் பெயின்ட் பல வருடம் கழித்தும் விரலில் ஒட்டுகிறது என்றால், டப்பாவின் அடியில் தங்கியதைச் சரியாகக் கலக்காமல் தடியாக அடித்திருக்கிறீர்கள். அட்டைப்பெட்டியில் பழைய 40 வாட் குண்டு பல்பை எட்டத்தில் தொங்கவிட்டு நாலு நாள் பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், வைத்துப் பாருங்கள். நகம் பதிந்தால் உரிப்பதுதான் வழி. பிரேக் ஆயிலில் ஊறவைத்து, கையுறையோடு பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் பெயின்ட் தோலாக வரும். கண்ணாடி உறுப்புகளை அதில் போடாதீர்கள்.

பெயின்ட்டுக்கு அடியில் கறுப்புப் பொட்டுகள் இருந்தால் அது தூசி. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் எங்கள் மொட்டைமாடியில் காயப்போட்ட வேட்டியே சாம்பல் நிறமாகும். 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் அது நின்றது. என் மாடலின் வாலில் இருந்த பொட்டுகள் 2004ஆம் வருடத்து ராயபுரம். 2000 நம்பர் பேப்பரால் தேய்த்து, பாத்திரச் சோப்பால் கழுவி, பளபளப்பான கறுப்பை முதலில் அடித்து, அதன்மேல் வெள்ளியை மெல்லிய படலங்களாக அடித்தேன். அடித்ததும் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிட வேண்டும்.

டெக்கால் மஞ்சளாகிவிட்டது, தண்ணீரில் போட்டால் நொறுங்குகிறது

டெக்கால் என்பது தண்ணீரில் ஊறவைத்து மாடலில் ஒட்டும் குறிகளின் தாள். அதன் மஞ்சளுக்கு நம் ஊர் வெயிலே மருந்து. தாளை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் ஈரம் புகாமல் மூடி, வெயில் விழும் சன்னல் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டுங்கள். சித்திரை வெயிலில் இரண்டு மூன்று வாரத்தில் வெளுத்துவிடும். நொறுங்குவதற்கு, தாள் முழுக்க பளபளப்பு வார்னிஷை மெல்லியதாக அடித்துக் காயவிடுங்கள். அது உடைந்த படலத்தைச் சேர்த்துப் பிடிக்கும். அதன்பிறகு ஒவ்வொரு குறியையும் ஓரத்தை ஒட்டி வெட்டியாக வேண்டும், ஏனென்றால் இப்போது தாள் முழுக்க ஒரே படலம். தேவையில்லாத ஒரு குறியை முதலில் போட்டுச் சோதியுங்கள்.

என் தாள் புயல் தண்ணீரில் போய்விட்டது. குறிகள் எல்லாம் கழன்று பெட்டியின் அட்டையில் ஒட்டியிருந்தன. அன்று உட்கார்ந்து அழுதுவிடலாம்போல் இருந்தது. பிறகு யோசித்தால், அந்தத் தாளில் இருந்தவை வேறு நாட்டுக் குறிகள்தானே. நமக்குத் தேவை வெளியே காவி, இடையில் வெள்ளை, நடுவில் பச்சை. அதைப் பெயின்ட்டிலேயே போட்டேன். காம்பஸில் பென்சிலுக்குப் பதில் பிளேடு முனையைக் கட்டி மாஸ்கிங் டேப்பில் வட்டங்கள் வெட்டுங்கள். முதலில் முழு வட்டமும் வெள்ளை. காய்ந்ததும் வெள்ளை வளையம் நிற்க வேண்டிய இடத்தை மட்டும் டேப் வளையத்தால் மூடி, நடுவில் பச்சை, வெளியே காவி. ஒரு நிறம் அடிக்கும்போது மற்றதை மூடிக்கொள்ளுங்கள். தூரிகையை ஒற்றி ஒற்றி எடுத்தாலே போதும். டெக்காலைவிட இது நன்றாகவே உட்காருகிறது, ஓரத்தில் வெள்ளிப் படலமும் மின்னாது.

துப்பாக்கிக் குழல், கம்பி, சின்ன உறுப்புகள் காணோம்

லிபரேட்டரில் பத்துத் துப்பாக்கிகள், எல்லாம் அரை அங்குலம். தொலையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இன்சுலின் ஊசியின் கம்பியை அரம் வைத்துக் கீறி உடைத்துப் பயன்படுத்துங்கள், நுனியில் ஓட்டை நிஜமாகவே இருக்கும். கூர்ப்பக்கத்தை உடனே மூடியில் போட்டுவிடுங்கள். ஏரியல் கம்பிக்கு ஸ்ப்ரூவை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே உருட்டி, இளகியதும் வெளியே எடுத்து, இரண்டு கையையும் நிதானமாக விரித்தால் தலைமுடி அளவு இழை வரும்.

வால் துடுப்புகள் இரண்டும் ஒன்றுக்கொன்று சாய்ந்திருக்கின்றன

தெர்மாகோல் துண்டில் இரண்டு பள்ளம் வெட்டி, பள்ளிக்கூடத்துக் காம்பஸ் பாக்ஸின் முக்கோண மட்டத்தால் செங்குத்து பார்த்து, ஒரு ராத்திரி அதில் நிறுத்துங்கள். வேறொன்றும் இல்லை.

எல்லாம் சரி, ஆனாலும் கை போகவில்லை

இதுவும் ஒரு அறிகுறிதான். நான் இதில் ஒன்றரை வருடம் இருந்தேன். முழு மாடலையும் மேசையில் பரப்பி வைக்காதீர்கள், மலைப்பாக இருக்கும். ஒரு இன்ஜினை மட்டும் சோப்பு டப்பாவில் போட்டுக் கையெட்டும் இடத்தில் வையுங்கள். பதினான்கு சிலிண்டர் ட்வின் வாஸ்ப், அதற்கு ஒரு மாலை. கூட்டின் வாய் வட்டமாக இல்லாமல் பக்கவாட்டில் அகன்று முட்டைபோல் இருக்கும், அந்த வடிவம் லிபரேட்டருக்கே உரியது. அதைச் சரியாகத் தேய்த்து எடுக்க இன்னொரு மாலை. இப்படி நாலு இன்ஜின் முடிந்தபோது நான் நிறுத்த முடியாதவனாகிவிட்டேன்.

இன்னொன்று, தெரிந்தவரிடம் போய்க் கேளுங்கள். தண்டையார்பேட்டையில் பெரியப்பாவிடம் குண்டு அறைப் பகுதியைக் கொண்டுபோய்க் காட்டினேன். கதவைக் கீழ்நோக்கித் திறக்கிற மாதிரி ஒட்டியிருந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இன்னாடா இது? நம்ம வண்டிக்குக் கதவு தொங்காது. கடை ஷட்டர் மாதிரி பக்கத்துல உருண்டு மேல ஏறிடும். அது வழியாத்தான் உள்ள ஏறுவோம். ஏறினா பெட்ரோல் வாசனை மூஞ்சில அடிக்கும்."

உண்மைதான், லிபரேட்டரின் எரிபொருள் கசிவு பேர் போனது. கதவைப் பிய்த்து, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் வரிக்கோடு கீறி, உடலின் பக்கவாட்டில் சுருண்டு ஏறியதாக மாற்றினேன். அவர் பேசப் பேச இன்னொன்றும் தெரிந்தது. இந்த விமானங்கள் எங்கள் பக்கத்துக்கு அந்நியமே இல்லை. சோழவரத்தில் பின்னாளில் கார் பந்தயம் நடந்த ஓடுதளம் போர்க்காலத்து விமானத்தளம். செங்குன்றம் ஏரியில் காட்டலினா கடல்விமானங்கள் இறங்கின. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது இப்போதெல்லாம் சன்னல் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன்.

முடித்ததும் மாடலை அவர் வீட்டுக்கு எடுத்துப்போனேன். பெட்டிக்குள் இறக்கையின் வேரையும் உடலையும் மட்டும் தெர்மாகோல் தாங்க வேண்டும், சக்கரங்களில் பாரம் விழக் கூடாது. ஆட்டோவின் குலுக்கலுக்குக் கால்கள்தான் முதலில் போகும். மேசையில் இறக்கி வைத்தேன். மூன்று சக்கரத்திலும் நின்றது. வாலை விரலால் அழுத்திவிட்டாலும் தானே எழுந்து நின்றது. அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முட்டு எங்கடா?" என்று கேட்டார்.

"தேவையில்லை பெரியப்பா, மூக்குல ஈயம் போட்டிருக்கேன்."

"உனக்குத் தேவையில்லடா. வண்டிக்கு வேணும். முட்டு வைக்காம நாங்க ஒரு நாளும் விட்டுட்டுப் போனதில்ல."

ஆகவே கடைசி வேலை இது. மாடலை மூன்று சக்கரத்தில் நிறுத்தி, ஒரு விசிட்டிங் கார்டை மடித்து வாலின் அடிக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை எடுங்கள். அந்த உயரத்தில் அரை மில்லிமீட்டர் குறைத்து, ஸ்ப்ரூவில் ஒரு நடுக்கம்பும், அதன் அடியில் சாய்வாக மூன்று கால்களும் ஒட்டுங்கள். மஞ்சள் பெயின்ட் அடியுங்கள். வாலில் ஒட்ட வேண்டாம், சும்மா கீழே நிறுத்தினால் போதும்.